எல்லோரும் ஒரே ரகமா?

நம்முடைய சினிமாக்களில் குடிகாரனுக்கு ஒரே ஓர் அச்சுதான் உண்டு. தலை கலைந்திருக்கும். கால் பின்னும். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியின் கழுத்துச் சங்கிலியில் கை வைப்பான். கடைசி ரீலில் அவள் காலில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுவான். மாத்திரை, பவுடர், ஊசி என்று புதிய புதிய லாகிரி வஸ்துக்கள் வந்த பிறகும் அந்த அச்சு மாறவில்லை. பாட்டில் போய்ப் பொட்டலம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் பார்த்துப் பார்த்து நமக்கும் ஓர் எண்ணம் ஊறிப் போய்விட்டது. லாகிரிக்கு அடிமையானவர்கள் எல்லோரும் ஒரே வார்ப்பு, பொய் சொல்லுவார்கள், திருடுவார்கள், அவர்கள் சுபாவமே அப்படி என்று சொல்லி விடுகிறோம். வீட்டில் அப்படி ஒருவரும் இல்லாதவர்கள் சொன்னால் அது வெறும் வம்புப் பேச்சு. இருக்கிறவர்கள் அப்படி நினைத்தால் அது ஆபத்து. கிணற்றில் விழுந்தவனையும் மரத்தில் ஏறி இறங்கத் தெரியாதவனையும் ஒரே கயிற்றை வீசிக் காப்பாற்றப் பார்க்கிற கதையாகி விடும்.

திருச்சியிலிருந்து ஓர் அம்மாள் நம் காரியாலயத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பாங்கியில் உத்தியோகம் பார்க்கிறான்; வெற்றிலைகூடப் போடுவதில்லை. இளையவன் வலி மாத்திரைகளுக்கு அடிமையாகி, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு தடவையும் மறுபடி பழைய கதைதான். "ஒரே வயிறு, ஒரே சோறு, ஒரே பள்ளிக்கூடம். நான் எங்கே தப்புச் செய்தேன்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள், போதும்" என்று முடித்திருக்கிறார். பதில் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் உங்களை இங்கிலாந்துக்கு ஒரு நடை அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

இருநூறு வருஷங்களுக்கு முன்னால் அந்தத் தேசத்தில் அபினி விற்பதற்குத் தடையே கிடையாது. நாம் ஓமத் திரவம் வாங்குவது போல அவர்கள் அதைக் கடையில் கேட்டு வாங்குவார்கள். சாராயத்தில் கரைத்த அபினிக்கு லாடனம் என்று பெயர். பல் வலிக்கு லாடனம், இருமலுக்கு லாடனம், ஓயாமல் அழுகிற குழந்தைக்குக்கூட அபினி கலந்த மருந்துதான்! 1868-ல் சட்டம் வந்துதான் அதற்கு ஓரளவு கடிவாளம் போட்டது. அந்தக் காலத்தில் வருஷக் கணக்கில் அபினி சாப்பிட்ட பிரபலஸ்தர்கள் மூன்று பேரை எடுத்துக் கொள்ளுங்கள்.

ஒருவர் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பார்லிமெண்டில் இருபது வருஷம் மல்லுக்கு நின்றவர். 1788-ல் அவருக்குக் கடுமையான வயிற்று நோய் கண்டது. வைத்தியர்கள் அபினி கொடுத்தார்கள். சாப்பிடுவதற்கு அவர் முதலில் மிகவும் தயங்கினார். பிறகு 1833-ல் கண்ணை மூடும் வரையில், வேளை தவறாமல் சாப்பிட்டார். உடம்பு அதை விட்டு இருக்க முடியாத நிலைக்கு வந்து விட்டது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மனிதர் மாறவில்லை. இஷ்டத்துக்கு அளவை ஏற்றிக் கொண்டே போகவுமில்லை. 1807-ல் அவருடைய சட்டம் நிறைவேறியது. வீட்டில் குழந்தைகளோடு சிரிப்பும் விளையாட்டுமாக இருந்தார். ஜபம் ஒரு நாளும் தவறவில்லை.

இன்னொருவர் கவி கோல்ரிட்ஜ். அதே தேசம், அதே அபினி. ஆனால் இவர் வாழ்க்கை வேறு மாதிரி. சத்தியம் செய்வார், மீறுவார், மீறியதற்காகத் தன்னையே சபித்துக் கொள்வார், அந்த வேதனை தாங்காமல் மறுபடி லாடனம் குடிப்பார். ஒரு சமயம், தான் மருந்துக் கடைக்குள் நுழையாமல் தடுப்பதற்கென்றே கூலிக்கு ஆள் வைத்துக் கொண்டாராம்! கடை வாசல் வந்ததும் அந்த ஆளையே அதட்டி விலக்கிவிட்டு உள்ளே போய் விடுவாராம். 1816-ல் ஹைகேட் என்ற இடத்தில் கில்மன் என்ற டாக்டரின் வீட்டுக்குச் சிகிச்சைக்காகப் போனார். கொஞ்ச நாளைக்கு என்று போனவர் 1834-ல் இறக்கும் வரையில் பதினெட்டு வருஷம் அங்கேயே தங்கி விட்டார். டாக்டர் அளந்து கொடுப்பார். அது போதாதென்று இவர் பக்கத்து மருந்துக் கடையில் ரகசியமாகவும் வாங்கிக் கொள்வார். திருமதி கில்மன் என்ற அந்தப் புண்ணியவதி பதினெட்டு வருஷம் இந்த விருந்தாளியை முகம் கோணாமல் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள். சரித்திரத்தில் அவளுக்குக் கிடைத்திருப்பது அரை வரிதான், அது போகட்டும்.

மூன்றாமவர் டி க்வின்ஸி. 1804-ல் முகத்தில் வலி தாளாமல் லண்டனில் ஒரு மருந்துக் கடையில் அபினி வாங்கினார். வலி போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. உள்ளே ஒரு சுவர்க்கமே திறந்து விட்டதாக நினைத்தார். பிறகு பல வருஷ காலம், நாம் கச்சேரிக்கு நாள் பார்த்துப் போவது போல, சங்கீத நாடகம் பார்க்கப் போகும் இரவுகளில் மட்டும் நாள் குறித்து அனுபவித்தார். 1813-ல் வயிற்று நோய் வந்ததிலிருந்து தினசரி வழக்கமாயிற்று. சுவர்க்கம் போய் இரவெல்லாம் பயங்கரக் கனவுகள். 1821-ல் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிப் பத்திரிகையில் வெளியிட்டு ஒரே நாளில் பெயர் பெற்று விட்டார்.

கோல்ரிட்ஜும் டி க்வின்ஸியும் அறிமுகமானவர்கள். "நான் வலிக்காகச் சாப்பிட்டேன், அவன் சுகத்துக்காகச் சாப்பிட்டான்" என்பது மூத்தவரின் கட்சி. "இல்லை, நானும் வலிக்காகத்தான், அவரும் சுகத்தைத் தேடியவர்தான்" என்பது இளையவரின் கட்சி. இரண்டு பேர் சேற்றில் நின்று கொண்டு உன் கால் அழுக்கா, என் கால் அழுக்கா என்று வாதாடியது போலத்தான். ஆனாலும் அந்தச் சண்டையில் ஒரு விஷயம் வெளிப்பட்டது. எதைச் சாப்பிடுகிறான் என்று கேட்டால் மட்டும் போதாது, எதற்காகச் சாப்பிடுகிறான் என்றும் கேட்க வேண்டும் என்பதை அவர்கள் இருவரும் அப்போதே கண்டு கொண்டிருந்தார்கள்.

இந்த விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் பார்க்கிற சுபாவம் மனிதனுடையதா, வஸ்து கொண்டு வந்ததா? இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற ரண சிகிச்சை நிபுணர் நியூயார்க்கில் இருந்தார். காலேஜில் படிக்கும்போது கால்பந்துக் குழுவுக்குத் தலைவர். படிப்பைவிட விளையாட்டில் பிரியம். டாக்டரான பின் ஒரே சமயத்தில் பல ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தார். துணிச்சலான கை, வேகமான கத்தி, நண்பர்கள் கூட்டம், எப்போதும் கலகலப்பு. 1884-ல் வியன்னாவில் கோலர் என்ற டாக்டர், கொக்கெயினைக் கண்ணில் விட்டால் கண் மரத்துப் போகிறது என்று கண்டுபிடித்தார். ஹால்ஸ்டெட் அதோடு நிற்கவில்லை. நரம்புக்குப் பக்கத்தில் ஊசியாகப் போட்டால் அந்த அவயவமே மரத்துப் போகுமா என்று பார்த்தார். யார் மேல் பார்த்தார் என்கிறீர்கள்? தம் மேலும், தம் சகாக்கள் மேலும்தான். பரிசோதனை ஜெயித்தது. இன்று பல் பிடுங்கும்போது பல் டாக்டர் தாடையில் போடுகிற ஊசி அந்த வழியில் வந்ததுதான். பரிசோதனை செய்தவர்களில் பலர் நாசமானார்கள். ஹால்ஸ்டெட் 1885-ல் எழுதி வெளியிட்ட ஒரு வைத்தியக் கட்டுரையின் முதல் வாக்கியம் தலையும் காலும் புரியாமல் உளறலாக இருக்கிறது. 1886-ல் அவர் மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர வேண்டி வந்தது. கொக்கெயின் பழக்கத்தை மாற்றுவதற்குக் கொடுத்த மார்பின் அவரைப் பிடித்துக் கொண்டது. ஒரு பேயை ஓட்ட இன்னொரு பேய்!

ஒரு நண்பர் அவரைப் பால்டிமோருக்கு அழைத்துப் போய்க் காப்பாற்றினார். அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியின் ரண சிகிச்சைத் தலைவரானார். ஆனால் அங்கே இருந்தவர்கள் பார்த்தது வேறு மனிதரை. கலகலப்பு போய் விட்டது. யாரோடும் ஒட்டுவதில்லை. கத்தியின் வேகம் போய், ஒவ்வொரு இழையாகப் பிரித்துப் பார்க்கும் நிதானம் வந்தது. (இந்த நிதானம்தான் அவரைச் சரித்திரப் பிரசித்தி பெறச் செய்தது.) சட்டைகளைச் சலவைக்குப் பாரிஸ் நகரத்துக்கு அனுப்புவாராம்! கையுறைக் கதை உங்களுக்குப் பிடிக்கும். அவருடைய ஆபரேஷன் அறையின் தலைமை நர்ஸ் காரொலைன் ஹாம்ப்டனுக்குக் கிருமிநாசினி மருந்து ஒத்துக் கொள்ளாமல் கையெல்லாம் புண். அவளுக்காக ஒரு ரப்பர்க் கம்பெனிக்குச் சொல்லி மெல்லிய கையுறைகள் செய்வித்தார். 1890-ல் அவளையே விவாகம் செய்து கொண்டார். இன்று உலகத்தில் ஒவ்வொரு ஆபரேஷன் அறையிலும் இருக்கும் ரப்பர்க் கையுறைக்கு அந்தக் காதலும் ஒரு காரணம்.

உலகம் அவர் குணமாகி விட்டார் என்று நம்பியது. ஆஸ்லர் என்ற அவருடைய சகா மட்டும் உண்மையைக் கண்டு கொண்டு, தம் ரகசியக் குறிப்பில் எழுதி முத்திரை வைத்தார். அது 1969-ல்தான் வெளியாயிற்று. மார்பினை அவர் முற்றாக விடவே முடியவில்லை. இத்தனைக்கும் அவரிடம் படித்தவர்கள் ஒரு தலைமுறை ரண வைத்தியத்தையே நடத்தினார்கள்.

இந்த மனிதரை நாற்பது வயதில் முதன்முதலாகப் பார்க்கிறவர், "கூச்ச சுபாவம், தனிமை, அதனால்தான் மார்பின் பிடித்துக் கொண்டது" என்று சொல்லியிருப்பார். முப்பது வயதில் பார்த்தவருக்குத்தான் தெரியும், கால்பந்துத் தலைவர் அவர் என்று. ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளையோ கணவரோ இன்று காட்டுகிற சிடுசிடுப்பையும் பொய்யையும் சோர்வையும் அவர்களுடைய பிறவிக் குணம் என்று முத்திரை குத்தி விடாதீர்கள். பழக்கத்தை நிறுத்திய பிறகும் சில வாரங்கள் மனம் செத்தது போல் இருக்கும். பிடித்த பலகாரம் ருசிக்காது, பிடித்த பாட்டு காதில் ஏறாது. சுமார் ஒரு மாதமாவது சென்ற பிறகும் சோகம் கலையவில்லையென்றால்தான், அது தனியாக உள்ள மனச்சோர்வு நோயா என்று டாக்டர்கள் நிச்சயமாகப் பார்க்க முடிகிறது.

சரி, லாகிரிக்காரருக்கென்று ஒரு பிறவிச் சுபாவம் உண்டா? மனோதத்துவ நிபுணர்கள் பல காலம் தேடிப் பார்த்தார்கள். ஒரே சுபாவம் அகப்படவில்லை. பல சுபாவங்கள், பல வாசல்கள் அகப்பட்டன. உள்ளே போன பிறகு எல்லாம் ஒரே இருட்டறை என்பதால்தான் வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு எல்லோரும் ஒன்று போல் தெரிகிறார்கள்.

கனடாவில் பட்ரீஷியா கான்ராட் என்ற பெண்மணி இந்த வாசல்களைப் பிரித்துப் பார்த்தார். 2000-ம் வருஷம் வெளியான அவருடைய முதல் ஆராய்ச்சிகள் பெண்களைப் பற்றியவை. குடியோ மாத்திரையோ மற்ற வஸ்துவோ பழகித் தவித்த பெண்கள். அவர்களிடையே நாலு சுபாவங்கள் எடுப்பாகத் தெரிந்தன.

சிலருக்குப் பயம். வெறும் பயமில்லை, பயத்தைக் கண்டு பயம். நெஞ்சு சற்றுப் படபடத்தால் இதோ மாரடைப்பு என்பார்கள். தலை சுற்றினால் இதோ மயக்கம். விருந்தாளி வருகிறார் என்றால் கை நடுங்கும்; நடுங்குவதை மற்றவர்கள் பார்த்து விடுவார்களே என்று இன்னும் நடுங்கும். இவர்களை அதிகமாகப் பிடித்தது அமைதிப்படுத்தும் மாத்திரைகள். நம் ஊரில் இதை யாரும் லாகிரிக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? 2019-ல் வெளியான இந்திய அரசாங்கத்தின் கணக்கெடுப்பில் மது அருந்தும் ஆண்கள் 100-க்கு 27 பேர். பெண்கள் 100-க்கு இரண்டு பேர்கூட இல்லை. "பார்த்தீர்களா, நம் பெண்கள்!" என்று பெருமைப்பட்டுக் கொள்கிறோம். கைப்பைக்குள்ளும் அரிசி டப்பாவுக்குப் பின்னாலும் தூக்க மாத்திரை அட்டை வைத்திருக்கிற பெண்களை வீட்டிலேயே யாரும் கணக்கெடுப்பதில்லை. எப்போதோ ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததைப் பத்து வருஷமாகச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேறு சிலருக்கு எதிலும் நம்பிக்கையில்லை. "என்ன செய்து என்ன?" என்பது அவர்களுடைய தாரக மந்திரம். பழைய துக்கம் ஒன்று ஆறாமல் உள்ளே இருக்கும். இவர்களை வலி போக்கும் அபினி வகைகள் பிடித்துக் கொண்டன. மனவலிக்கும் அது மருந்தாக இருக்கிறது என்று கண்டு கொண்டார்கள் போலிருக்கிறது. ஹார்வர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த கான்ட்ஸியன் என்ற மனநோய் வைத்தியர் 1985-ல் இதைச் சற்று வேறு விதமாகச் சொன்னார். அவரிடம் வந்த அபினி வகை அடிமைகள் பலர் உள்ளே பொங்குகிற கோபத்தைத் தணிக்க முடியாதவர்களாக இருந்தார்களாம். வெளியே சாது, உள்ளே எரிமலை. வஸ்து அந்த எரிமலைக்குத் தண்ணீர். லாகிரி என்பது தனக்குத்தானே செய்து கொள்ளும் தப்பு வைத்தியம் என்பது அவர் கொள்கை. எல்லாருக்கும் அது பொருந்தாது என்று மறுத்தவர்கள் உண்டு. எனக்கும் அது பாதி உண்மை என்றுதான் படுகிறது. ஆனால் அந்தப் பாதி உண்மை பல குடும்பங்களுக்கு விளக்கேற்றியிருக்கிறது.

மூன்றாவது ரகம், யோசிப்பதற்கு முன் கை நீண்டு விடுகிறவர்கள். நினைத்தால் உடனே செய்ய வேண்டும். செய்த பிறகுதான் நினைப்பார்கள். கொக்கெயின் போன்ற உற்சாக வஸ்துக்கள், மது, எல்லாமே இவர்களை எளிதில் பிடிக்கின்றன. நாலாவது ரகம் சாகசப் பிரியர்கள். சப்பென்று இருப்பதைத் தாங்க மாட்டார்கள். துக்கமுமில்லை, பயமுமில்லை; விறுவிறுப்புத்தான் வேண்டும். கனடாப் பெண்களில் இந்த ரகத்தார் பெரும்பாலும் மதுவோடு நின்றார்கள்.

அந்த ஆராய்ச்சியில் என்னை உட்கார வைத்தது அடுத்த பகுதிதான். அந்தப் பெண்களுக்கு ஒரே ஒரு தடவை, அவரவர் சுபாவத்துக்குத் தக்கபடி உட்கார்ந்து பேசினார்கள். பயந்தவளுக்குப் பயத்தைப் பற்றி. நம்பிக்கையற்றவளுக்கு அந்த இருட்டு நினைவுகளைப் பற்றி. வேறு சிலருக்குப் பொதுவாக ஒரு படம் காட்டி ஆதரவாகப் பேசினார்கள். இன்னும் சிலருக்கு வேண்டுமென்றே அவர்கள் சுபாவத்துக்குப் பொருந்தாத பேச்சு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பொதுவான பேச்சைவிட அதிகப் பலன் கொடுத்தது சுபாவத்துக்குப் பொருந்திய பேச்சு ஒன்றுதான். பொருந்தாத பேச்சுக்கு அந்தச் சக்தி இல்லை. நாம் என்ன செய்கிறோம்? வீட்டில் நாலு பெரியவர்களைக் கூட்டி வைத்து, எல்லாருக்கும் ஒரே புத்திமதி! பயந்தவனை இன்னும் பயமுறுத்துகிறோம்: "இப்படியே போனால் ஈரல் கெட்டுச் செத்துப் போவாய்." நம்பிக்கையற்றவனிடம், "உன்னால் இந்தக் குடும்பமே நாசம்" என்கிறோம். அவன் ஏற்கெனவே தனக்குள் சொல்லிக் கொண்டிருப்பதும் அதைத்தானே?

இன்னும் ஒரு ரகம் உண்டு. இவர்களுக்குத் தம் மனத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லவே வார்த்தை கிடைக்காது. "என்னப்பா உனக்கு?" என்றால், "ஒன்றுமில்லை" என்பார்கள். அது பொய்யில்லை, அவர்களுக்கே தெரியாது. கோபமா, துக்கமா, பசியா என்று பிரித்தறிய முடியாத ஒரு கலக்கம். ஸிஃப்னியோஸ் என்ற வைத்தியர் 1973-ல் இதற்குக் கிரேக்க மொழியிலிருந்து ஒரு பெயர் கொடுத்தார்; 'உணர்ச்சிக்குச் சொல் இல்லாமை' என்று அதற்கு அர்த்தம். லாகிரிக்கு ஆளானவர்களிடையே இது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. ஆண் பிள்ளை அழக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கும் நம் வீடுகளில் இது ஏன் சகஜம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

திருச்சி அம்மாளுக்கு இப்போது பதில். 2012-ல் கேம்பிரிட்ஜில் கரென் எர்ஷ் என்ற பெண்மணியும் அவர் குழுவினரும் 50 ஜோடி உடன்பிறப்புகளைப் பரிசோதித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் உற்சாக வஸ்துவுக்கு அடிமை; மற்றவர் அப்படியில்லை. ஒரு பொத்தானை அமுக்கப் போகிற சமயத்தில் சட்டென்று ஒரு சமிக்ஞை கொடுப்பார்கள். உடனே கையை நிறுத்த வேண்டும். அடிமையானவர் தடுமாறினார். அதில் ஆச்சரியமில்லை. அவருடைய உடன்பிறப்பும் அதே போல் தடுமாறினார்! மூளையைப் படம் எடுத்துப் பார்த்தபோதும், அடக்கிக் கொள்ளும் சக்தி சம்பந்தப்பட்ட பகுதிகளில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரியான வித்தியாசங்கள். வெற்றிலைகூடப் போடாத மூத்தவனும் அதே விதையோடுதான் பிறந்திருக்கக் கூடும் அம்மா. உங்கள் இளைய பிள்ளையின் மாத்திரை வேறு வகையாக இருக்கலாம். ஆனால் கதை இதுதான். விதை ஒன்றானாலும் ஒன்று முளைக்கிறது, ஒன்று முளைக்காமல் இருந்து விடுகிறது. யாருடைய சிநேகம் கிடைத்தது, எந்த வயதில் கையில் கிடைத்தது, அப்போது என்ன துக்கம் இருந்தது என்று எத்தனையோ. நீங்கள் போட்ட சோற்றில் குற்றமில்லை.

சூழ்நிலை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அமெரிக்கச் சிப்பாய்களே சாட்சி. 1971-ல் வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆராய்ச்சியாளர் தேடிப் பிடித்துக் கேட்டார். ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் வகைகளுக்கு அடிமையாக இருந்தவர். ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் 100-க்கு சுமார் 5 பேர்தான்! யுத்தம், பயம், தெருவுக்குத் தெரு மலிவாக ஹெராயின் எல்லாம் பின்னால் போய்விட்டன. வீடு, வேலை, கல்யாணம் எல்லாம் முன்னால் வந்தன.

வீட்டுப் பெண்கள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது. முதலாவது, அவமானம் வேறு, குற்ற உணர்ச்சி வேறு. "நான் செய்தது தப்பு" என்று நினைக்கிறவனுக்கு அதைச் சரி செய்யத் தோன்றும். "நானே தப்பானவன்" என்று நினைக்கிறவனுக்கு ஒளிந்து கொள்ளத்தான் தோன்றும். ஒளிவதற்கு லாகிரியைவிட வசதியான இடம் ஏது? அவமான உணர்ச்சி மிகுந்தவர்களிடையே குடியும் லாகிரியும் அதிகம் என்றும், குற்ற உணர்ச்சி மிகுந்தவர்களிடையே குறைவு என்றும் ஜூன் டாங்னி என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணரும் அவர் சகாக்களும் 2005-ல் எழுதியிருக்கிறார்கள். "நேற்று ராத்திரி நீங்கள் குழந்தையின் ஸ்கூல் பணத்தை எடுத்தீர்கள்" என்று சொல்லலாம். மாமனார், மச்சினர் எதிரில் "திருடன்" என்று சொல்ல வேண்டாம்.

இரண்டாவது விஷயத்துக்கு அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவில் நடந்த பரிசோதனை ஒன்று உண்டு. 1999-ல் வெளிவந்தது. சிகிச்சைக்கு வர மாட்டேன் என்று அடம் பிடிக்கும் குடிகாரர்களின் மனைவிமார், பெற்றோர் போன்ற 130 பேர். பெரும்பாலோர் பெண்கள். மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியாருக்கு, அவனை விட்டுத் தள்ளி நின்று உங்கள் மனத்தைத் தேற்றிக் கொள்ளுங்கள் என்ற உபதேசம். இன்னொரு பகுதியாருக்கு, எல்லோரும் சேர்ந்து அவனை உட்கார வைத்து நேருக்கு நேர் கேட்கப் பயிற்சி. மூன்றாவது பகுதியாருக்கு வேறு பயிற்சி: அவன் தெளிவாக இருக்கிற வேளையில் அன்பாக இருங்கள், சேர்ந்து சாப்பிடுங்கள், பேசுங்கள், போதையில் வந்தால் சண்டை போடாமல் விலகிப் போங்கள், அவன் வாந்தியை நீங்கள் கழுவாதீர்கள், ஆபீசுக்கு அவனுக்காகப் பொய் சொல்லாதீர்கள், அடித்தால் குழந்தைகளோடு எங்கே போவது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்து கொள்ளுங்கள், நல்ல வேளை பார்த்துச் சிகிச்சைப் பேச்சை எடுங்கள். முதல் வழியில் 100-க்கு 13 பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். இரண்டாவதில் 30. மூன்றாவதில் 64. சண்டை போட்டுப் போட்டுக் களைத்துப் போயிருக்கிற சகோதரிகள் இந்த மூன்று எண்ணிக்கைகளையும் ஒரு தடவை மறுபடி படியுங்கள்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் டி. டி. ரங்கநாதன் பெயரில் சிகிச்சை நிலையத்தைத் தொடங்கியது, குடியினால் கணவரை இழந்த பிறகுதான். நோயாளியோடு குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை என்ற எண்ணம் அங்கே ஆரம்பத்திலேயே இருந்தது. ஒரு மனைவி தொடங்கிய இடம் அல்லவா?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. "நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்குவது நம் வழக்கம். பல வருஷமாகத் தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று அடியோடு நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது, பிதற்றல் எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. "சாமி குற்றம்" என்று பூசாரியைத் தேடிப் போகிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நெடுநாள் தூக்க மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். டாக்டர் யோசனைப்படி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற அரசாங்க டெலிபோன் எண்ணைக் கூப்பிடலாம்; கட்டணம் இல்லை. டாக்டரிடம் போகும்போது என்ன வஸ்து, தினம் எவ்வளவு, எத்தனை வருஷமாக, கடைசியாக எப்போது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எடுத்துக் கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.